பழைய ஏற்பாடுகளை ஒளித்துவைத்த ஊர்

இரண்டாம் உலகப் போர்க் காலம். பிரான்ஸ் நாட்டு மலைப்பகுதி ஒன்றில் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிய செய்திகளில் "பழைய ஏற்பாடுகள்" என்ற சொல் அடிக்கடி வந்தது. பழைய ஏற்பாடுகள் இத்தனை வருகின்றன, இடம் ஒழுங்கு செய்யுங்கள் என்று எழுதினார்கள். இடையில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பொலிஸ்காரருக்கு, வேதாகமம் விற்கிறவர்களின் கணக்கு வழக்கு என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த மலைக்கு ரயிலில் வந்து இறங்கியவர்கள் யூத அகதிகள். பெரும்பாலும் பிள்ளைகள்.

போர் வரலாறு என்றால் பாடசாலையில் ஸ்டாலின்கிராட், நோர்மண்டி, ஹிரோஷிமா என்று படிப்போம். தளபதிகளின் பெயரும் இறந்தவர்களின் தொகையும் மனப்பாடம் ஆகிவிடும். இந்தக் கதை பாடப்புத்தகத்தில் அதிகம் வருவதில்லை. இதில் வருகிறவர்கள் ஒரு போதகர், அவருடைய மனைவி, சில ஆசிரியர்கள், விவசாயிகள், வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள். கிட்டத்தட்ட நம் சபையைப் போன்ற ஒரு சபை. அதனால்தான் நம் வாலிபர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முன்னூறு வருட ஞாபகம்

ஊரின் பெயர் லு ஷம்போன் சுர் லின்யோன். பிரான்சின் தென் நடுப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலம் நீண்டது. பனி மூடினால் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்குப் போவதே கஷ்டம்.

பிரான்ஸ் கத்தோலிக்க நாடு. புரொட்டஸ்தாந்தர் மிகச் சிறிய தொகையினர். ஆனால் இந்த ஊரில் அவர்களே பெரும்பான்மை. இவர்களுடைய முன்னோர் ஹியூகநொட் எனப்பட்டவர்கள். 1685இல் மன்னன் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பறித்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பிடிபட்ட ஆண்கள் மன்னனின் கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டார்கள். மக்கள் காடுகளிலும் மலைக் குகைகளிலும் இரகசியமாகக் கூடி ஆராதித்தார்கள்.

அந்தக் காலத்து மரி துரான் என்ற பெண்ணின் பெயரை பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்தப் பிள்ளைகள் இன்றும் அறிவார்கள். அவருடைய அண்ணன் ஒரு போதகர். 1730இல், ஏறக்குறைய 19 வயதில், மரி சிறைப்பட்டார். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை. அவர் விடவில்லை. 38 வருடம் ஒரு கோபுரச் சிறையில் இருந்து 1768இல்தான் வெளியே வந்தார். அந்தக் கோபுரத்தின் கல்லில் 'எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

ஷம்போன் மக்கள் இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தார்கள். அரசாங்கம் ஒன்று சொன்னாலே அது சரியாகிவிடாது என்பதை அவர்களுடைய பாட்டன் பாட்டிகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஆளை ஒளித்துவைப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல.

ராக்ஃபெல்லர் வீட்டு வாத்தியார்

1934இல் இந்தச் சபைக்கு அந்திரே த்ரொக்மே என்ற போதகர் வந்தார். அப்போது வயது 33. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜேர்மன்காரி. முதலாம் உலகப் போரில் அவருடைய ஊர் ஜேர்மன் இராணுவத்தின் பிடியில் இருந்தது. சிறுவனாக இருந்த அவர் ஒரு நாள் ஒரு ஜேர்மன் சிப்பாயைச் சந்தித்தார். அந்தச் சிப்பாய், தான் ஒரு கிறிஸ்தவன் என்றும் ஒருவரையும் கொல்வதில்லை என்று தீர்மானித்து ஆயுதம் ஏந்தாமல் இருப்பதாகவும் சொன்னார். எதிரியின் சீருடைக்குள் இருந்து வந்த அந்தச் சாட்சியை த்ரொக்மே கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு நியூயோர்க்கில் இறையியல் படித்தார். படிப்புச் செலவுக்காக, உலகப் பணக்காரரான ராக்ஃபெல்லரின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார். அங்கேதான் மக்தா என்ற இத்தாலியப் பெண்ணைச் சந்தித்து, 1926இல் திருமணம் செய்தார். ராக்ஃபெல்லர் மாளிகையில் பாடம் சொன்னவர் கடைசியில் வந்து சேர்ந்தது பனி மூடிய ஒரு மலைக்கிராமத்தின் குருமனைக்கு.

அவரும் எதுவார் தைஸ் என்ற இன்னொரு போதகரும் சேர்ந்து 1938இல் ஊரில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். அத்தோடு த்ரொக்மே இன்னொரு வேலையும் செய்தார். ஊரைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, 13 பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார். அவர்கள் ஒழுங்காகப் போதகரோடு கூடி வேதம் படிப்பார்கள். பிறகு தங்கள் வட்டாரத்து வீடுகளில் வேதபாட வகுப்பு நடத்துவார்கள். அவ்வளவுதான். நம் சபையிலும் வீட்டுக் கூட்டங்கள் நடக்கின்றனவே, அதே மாதிரி. இந்த 13 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. 22ஆம் திகதி, சனிக்கிழமை, ஹிட்லரோடு போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் வடபகுதியை ஜேர்மனி எடுத்துக்கொண்டது. தென்பகுதியை மார்ஷல் பெத்தான் தலைமையில் விஷி என்ற ஊரிலிருந்து ஓர் அரசு ஆண்டது. ஹிட்லர் சொன்னதைச் செய்கிற அரசு அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் துக்கத்திலும் குழப்பத்திலும் இருந்தது. ஷம்போன் ஆலயத்தில் த்ரொக்மேயும் தைஸும் செய்த பிரசங்கத்தின் கருத்து இதுதான்: சுவிசேஷத்துக்கு மாறாக ஒன்றைச் செய்யும்படி நம்மைக் கட்டாயப்படுத்துவார்கள். அப்போது ஆவியின் ஆயுதங்களைக் கொண்டு எதிர்த்து நிற்பது நம் கடமை. பயமில்லாமல் நிற்போம். ஆனால் யார்மீதும் பகை வைக்காமல் நிற்போம்.

அந்த ஆலயத்தின் வாசலுக்கு மேல், ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்ற இயேசுவின் கட்டளை பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு அந்த வாசலால் வெளியே போனவர்கள் அடுத்த நான்கு வருடத்தில் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

கதவைத் தட்டிய பெண்

1940 - 41 குளிர்காலத்தில் ஒரு மாலை. குருமனைக் கதவை யாரோ தட்டினார்கள். மக்தா போய்த் திறந்தார். பனியில் நனைந்து, பயந்து நடுங்கியபடி ஒரு பெண். ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டார். மக்தா வரச் சொன்னார்.

நனைந்த சப்பாத்துகளைக் காய்வதற்கு அடுப்பில் வைத்தார் மக்தா. அவசரத்தில் அவை கருகிப்போயின. போர்க்காலத்தில் சப்பாத்து கிடைப்பது அரிது. வேறு சோடி தேடி அலைய வேண்டியதாயிற்று. பிறகு, இந்தப் பெண்ணுக்கு ஏதாவது பத்திரம் எடுத்துக் கொடுக்கலாமே என்று ஊர்த் தலைவரிடம் போனார். அவர் பதறிப்போனார். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக முழு ஊரையும் ஆபத்தில் போடுவதா, உடனே அனுப்பிவிடுங்கள் என்றார். மக்தாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதை நினைத்து வாழ்நாள் முழுவதும் வருந்தினார்.

அன்று அவர் ஒரு பாடம் கற்றார். இனிமேல் அதிகாரிகளிடம் உத்தரவு கேட்பதில்லை. கேட்டால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள், வந்தவரும் மாட்டிக்கொள்வார்.

அதே காலத்தில் த்ரொக்மே மார்செய் நகரத்துக்குப் போய், குவேக்கர் சபையைச் சேர்ந்த பேர்ன்ஸ் சால்மர்ஸ் என்பவரைச் சந்தித்தார். பிரான்சின் தென்பகுதியில் அகதிகளை அடைத்துவைத்த முகாம்கள் இருந்தன. பசியும் நோயும் நிறைந்த இடங்கள். அங்கே போய்ப் பணி செய்கிறேன் என்றார் த்ரொக்மே. முகாம்களிலிருந்து பிள்ளைகளை வெளியே எடுக்க எங்களால் முடியும், அவர்களை ஏற்றுக்கொள்ள ஓர் ஊர்தான் இல்லை, அந்த ஊராக உங்கள் ஊர் இருக்குமா என்று சால்மர்ஸ் திருப்பிக் கேட்டார். த்ரொக்மே ஊருக்குத் திரும்பிச் சபையாரிடம் கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள்.

உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குற்றமற்ற இரத்தம் தேசத்தில் சிந்தப்படாதபடி அவை ஏற்படுத்தப்பட்டன. இந்த வேதபகுதி த்ரொக்மேயின் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஷம்போன் அப்படியோர் அடைக்கலப் பட்டணமாக மாறத் தொடங்கியது. குவேக்கர்கள், சுவிஸ் உதவி அமைப்புகள், பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்த இளைஞர் அமைப்பு ஆகியவற்றின் பணத்தில் பிள்ளைகளுக்கான விடுதிகள் எழுந்தன. மற்றவர்கள் பண்ணை வீடுகளில் தங்கினார்கள். யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது, எந்தப் பாதையால் அனுப்புவது என்பதை ஒழுங்கு செய்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? வேதபாட வகுப்பு நடத்திய அந்த 13 பேர்தான். வட்டாரத்தில் ஒவ்வொரு வீடும் அவர்களுக்குத் தெரியும். யாரை நம்பலாம் என்றும் தெரியும்.

மந்திரிக்குக் கொடுத்த கடிதம்

சின்னச் சின்ன மறுப்புகளில்தான் துணிவு பழகியது. ஒருமுறை மார்ஷல் பெத்தானின் அரசு ஒரு கொண்டாட்டத்துக்காக ஆலய மணிகளை அடிக்கச் சொன்னது. ஷம்போன் ஆலயத்தின் மணியைப் பார்த்துக்கொண்டவர் அமெலி என்ற சிறிய உருவம் கொண்ட பெண்மணி. அவர் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று வந்து சண்டை பிடித்தவர்களிடம், இது கடவுளுடைய மணி, மார்ஷலுடையது அல்ல என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார்.

1942 ஜூலை 16, 17ஆம் திகதிகளில் பாரிஸ் நகரத்தில் பிரெஞ்சுப் பொலிஸாரே வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000க்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகள். பெரும்பாலோர் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

சில வாரம் கழித்து, ஆகஸ்ட் மாதத்தில், அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் லமிரான் ஷம்போனுக்கு வந்தார். நீலச் சீருடை, பரிவாரம், விருந்து என்று ஏற்பாடு. விருந்தில் பரிமாறிய த்ரொக்மேயின் மகள் கை தவறி அவருடைய சீருடையில் சூப்பை ஊற்றிவிட்டாள். அது தற்செயல். அடுத்து நடந்தது தற்செயல் அல்ல. மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் அவரிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். பாரிஸில் நடந்ததை நாங்கள் அறிவோம். எங்கள் நடுவில் யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம். அவர்களைப் பிடிக்க வந்தால் ஒளித்துவைப்போம். இதுதான் கடிதத்தின் சாரம்.

யோசித்துப் பாருங்கள். அதை எழுதியவர்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். பேர் ஊர் தெரியாமல் சுவரில் ஒட்டவில்லை. நேரில் நின்று கொடுத்தார்கள்.

கூட வந்த மாவட்ட அதிகாரி கோபத்தில் போதகரை மிரட்டினார். யூதன் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்பதாக த்ரொக்மே பதில் சொன்னார்.

வெறுமையாக நின்ற பஸ்கள்

அந்த மாதக் கடைசியில் பொலிஸார் பஸ்களோடு ஊருக்குள் வந்தார்கள். யூதர்களின் பட்டியலைத் தா என்று போதகரிடம் கேட்டார்கள். பெயர்கள் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் மேய்ப்பன் ஆடுகளைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று மறுத்துவிட்டார். பலர் பொய்ப் பெயரில் தங்கியிருந்தபடியால் பெயர் தெரியாது என்பதும் உண்மைதான்.

அதற்குள் இரவோடிரவாக வாலிபர்களும் சாரணர்களும் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கு ஓடி எச்சரித்துவிட்டார்கள். ஒளிந்திருந்தவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். பொலிஸார் நாட்கணக்காக வீடு வீடாகத் தேடினார்கள். அலுமாரிகளைத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பஸ்ஸில் ஒரே ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊரார் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. போதகரின் மகன் தன்னிடம் கடைசியாக மிஞ்சியிருந்த சொக்கலேட் துண்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து குவித்தார்கள். பிறகு அந்த மனிதர் விடுவிக்கப்பட்டார்.

அதன் பின்னும் சோதனைகள் தொடர்ந்தன. சில நாட்களில் குருமனைத் தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால், நாளைக் காலையில் கவனம் என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். பேசியவர் யார் என்று தெரியாது. எதிர்த்தரப்பு அலுவலகங்களுக்குள்ளேயும் மனச்சாட்சி உள்ள யாரோ இருந்தார்கள். ஆபத்து நீங்கியதும் ஊரார் காட்டோரம் போய்ப் பாட்டுப் பாடுவார்கள். பாட்டுக் கேட்டால் வெளியே வரலாம் என்று அர்த்தம்.

உங்கள் வயதுக்காரர்கள்

இந்தக் கதையில் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது அதில் வருகிறவர்களின் வயது.

ஒஸ்கார் ரொசோவ்ஸ்கிக்கு அப்போது 19 வயது. யூதர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர், யூதர் என்பதால் படிக்க முடியவில்லை. தட்டச்சு இயந்திரம் திருத்தும் வேலை செய்தார். அந்த வேலையில் அரசாங்க அலுவலகங்களுக்குள் போய்வர முடிந்தது. பத்திரங்கள் எப்படி இருக்கும், முத்திரை எங்கே குத்துவார்கள் என்று பார்த்துப் பழகினார். தடுப்பு முகாமில் இருந்த தன் தாயைப் பொய்ப் பத்திரம் ஒன்றைக் கொண்டு வெளியே எடுத்தார். பிறகு ஷம்போனுக்கு வந்து, ஒரு பண்ணையில் தங்கி, அகதிகளுக்கு அடையாள அட்டைகளும் உணவுப் பங்கீட்டு அட்டைகளும் செய்து கொடுத்தார். செய்த பத்திரங்களை எங்கே ஒளித்தார்கள் தெரியுமா? பண்ணைக்காரரின் தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள். எந்தப் பொலிஸ்காரர் அதற்குள் கை விடுவார்? போருக்குப் பின் ஒஸ்கார் ஆசைப்பட்டபடியே மருத்துவரானார்.

பியேர் பித்தோனுக்கு வயது 17. சாரணர். அகதிகளைச் சிறுசிறு குழுக்களாகச் சுவிஸ் எல்லைவரை, சுமார் 300 கிலோமீற்றர் தூரம், கூட்டிப்போனவர்களில் ஒருவர். ரயிலில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம், என்னைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம், தூரத்தில் பின்தொடர்ந்து வாருங்கள் என்பதே அவர்களுக்கு அவர் சொன்ன கட்டளை.

இந்தப் பயணங்களை ஒழுங்கு செய்த 'சிமாட்' என்ற அமைப்பு 1939இல் புரொட்டஸ்தாந்த இளைஞர் இயக்கங்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது. அதை நடத்திய மதலேன் பாரோ முப்பது வயதை ஒட்டிய பெண். அகதிகளுக்காக வேலை செய்யும் அந்த அமைப்பு பிரான்சில் இன்றும் இயங்குகிறது.

பொய் சொல்லலாமா?

வேதம் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். பொய்ப் பெயர், பொய் அட்டை... இது பாவம் இல்லையா?

இதே கேள்வி ஷம்போன் மக்களையும் வாட்டியது. உண்மை பேசுவதைக் கண்ணாக மதித்த மக்கள் அவர்கள். த்ரொக்மேக்கு இந்த விஷயத்தில் கடைசிவரை மனம் அமைதிப்படவில்லை. பிற்பாடு அவரே பொய் அட்டையோடு தலைமறைவாக வாழ்ந்த காலத்தில், லியோன் நகர ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டார். பெயரைக் கேட்டால் பொய் சொல்வதா, உண்மையைச் சொல்லிச் சாவதா? பொய் சொல்வதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தார். நல்லவேளையாக, அவர்கள் கேட்பதற்கு முன்பே கூட்டத்துக்குள் நழுவித் தப்பிவிட்டார்.

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில், பார்வோன் கொல்லச் சொன்ன குழந்தைகளைக் காப்பாற்றிய எபிரெய மருத்துவச்சிகளைப் பற்றிப் படிக்கிறோம். எரிகோவில் ராகாப் வேவுகாரரைக் கூரைமேல் ஒளித்தாள். இவர்களைப் பற்றி வேதம் எப்படிப் பேசுகிறது என்று நீங்களே எடுத்து வாசியுங்கள். உயிரைக் காக்கிற வேளையிலும் பொய்யை லேசாக எடுத்துக்கொள்ளாத அந்த உறுத்தல் மதிக்கத்தக்கது என்றே நான் நினைக்கிறேன். தன் வசதிக்காகப் பொய் சொல்கிறவனுக்கு அந்த உறுத்தல் வருவதில்லை.

சாப்பாட்டு நேரம்

1943 பெப்ரவரி 13ஆம் திகதி மாலை இரண்டு பொலிஸ் அதிகாரிகள் குருமனைக்கு வந்தார்கள். போதகர் வீட்டில் இல்லை. காத்திருந்தார்கள். த்ரொக்மே வந்ததும் கைது என்று அறிவித்தார்கள். மக்தா பெட்டி அடுக்கினார். பிறகு அந்த அதிகாரிகளையும் மேசைக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். கணவனைப் பிடிக்க வந்தவனுக்கு எப்படிச் சோறு போட முடிந்தது என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். அது சாப்பாட்டு நேரம், அவர்களும் இருந்தார்கள், இதில் என்ன அதிசயம் என்பதே மக்தாவின் பதில். இந்தப் பதில் நம் அம்மாமாரும் சொல்லக்கூடியதுதான்.

செய்தி பரவி ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். மீன் டின், சொக்கலேட், சவர்க்காரம் என்று அருமையாய் வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். ஒருவர் கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றைக் கொடுத்தார். முகாமில் போய்ப் பிரித்துப் பார்த்தால், அதில் பென்சிலால் ஆறுதலான வேதவசனங்கள் எழுதியிருந்தன. இன்னொருவர் மெழுகுதிரி கொடுத்தார். கொளுத்தத் தீப்பெட்டி இல்லை. அப்போது கைது செய்ய வந்த அதிகாரியே தன் தீப்பெட்டியை எடுத்து, இது என்னுடைய அன்பளிப்பு என்று கொடுத்தார். தெருவில் இரு பக்கமும் நின்ற மக்கள், கர்த்தரே நம் கோட்டை என்ற கருத்துள்ள மார்ட்டின் லூதரின் பாட்டைப் பாடி வழியனுப்பினார்கள்.

தைஸும் பாடசாலை அதிபர் தார்சிசாக்கும் அவரோடு கைதானார்கள். சில வாரங்களில் விடுதலை வந்தது. ஆனால் மார்ஷலுக்குக் கீழ்ப்படிவேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு போதகர்களும் மறுத்தார்கள். அப்படியே திரும்ப முகாமுக்குள் போனார்கள். ஆனால் விரைவிலேயே, கையெழுத்து இல்லாமலே விடும்படி கட்டளை வந்தது.

கொடுத்த விலை

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1943 ஜூன் 29ஆம் திகதி ஜேர்மன் இரகசியப் பொலிஸார் மாணவர் விடுதி ஒன்றைச் சுற்றிவளைத்தார்கள். அதைப் பொறுப்பாகப் பார்த்தவர் போதகரின் உறவினரான தானியேல் த்ரொக்மே, 31 வயது ஆசிரியர். அவர் அந்த நேரம் வேறு இடத்தில் இருந்தார். தப்பிப் போயிருக்கலாம். என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று தானாகவே போனார். 18 மாணவர்களோடு அவரும் கொண்டுபோகப்பட்டார். 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார்.

அன்று ஒரு மாணவன் மட்டும் தப்பினான். அவன் ஸ்பெயின் நாட்டவன். கொஞ்ச நாளைக்கு முன்னர், ஊர் விடுதியில் தங்கி உடல் தேறிக்கொண்டிருந்த ஜேர்மன் சிப்பாய் ஒருவன் ஆற்றில் மூழ்கப் போனபோது, இவன் பாய்ந்து காப்பாற்றியிருந்தான். மக்தா சைக்கிளில் அந்தச் சிப்பாய்களிடமே விரைந்து போய்ச் சாட்சி சொல்லக் கேட்டார். அவர்கள் வந்து சொன்னார்கள். அவன் விடப்பட்டான்.

அல்பேர்ட் சுவைற்சரோடு ஆபிரிக்காவில் வேலை செய்துவிட்டு வந்த ஊர் மருத்துவர் ரொஜே லு ஃபொரெஸ்தியே, 1944 ஆகஸ்ட் 20ஆம் திகதி லியோன் அருகே மற்றக் கைதிகளோடு கொல்லப்பட்டார். அந்தப் பகுதிக்கு விடுதலை வரச் சில நாட்களே இருந்தன.

பேசாத மக்கள்

அந்த மலைப்பகுதி முழுவதிலும் அடைக்கலம் பெற்றவர்களின் தொகையை 3,000 முதல் 5,000 வரை மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் யூதர். போர் முடிந்ததும் ஷம்போன் மக்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று மாடு கன்று பார்க்கப் போய்விட்டார்கள். 1990இல்தான் இஸ்ரவேலின் யாத் வஷெம் நினைவகம் முழு ஊரையும் கௌரவித்தது. தனியாட்களை அல்லாமல் ஓர் ஊரையே இப்படிக் கௌரவிப்பது மிக அரிது.

சிறுவனாக அங்கே ஒளிந்திருந்த ஒருவர், 2020 டிசம்பரில் தம் 90ஆவது வயதில் இறந்தார். அவருடைய மரணசாசனத்தைப் பிரித்தபோது, ஏறக்குறைய 20 லட்சம் யூரோவை அந்த ஊருக்கு எழுதிவைத்திருந்தது தெரிந்தது. பிள்ளைகளின் கல்விக்கும் இளைஞருக்கும் செலவிடுங்கள் என்பது அவருடைய விருப்பம்.

நம் வீட்டுக் கதவு

இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்கள் அப்பா அம்மாவிடம், அம்மம்மா தாத்தாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த நாட்டுக்கு வரும் முன்னர் உங்களை யாராவது ஒளித்துவைத்தார்களா? 1983 ஜூலையில் கொழும்பில் இருந்தவர்கள் என்றால் சிலர் சொல்லக்கூடும். அயலில் இருந்த சிங்களக் குடும்பங்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து, தமிழரை வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றிய கதைகள் நம் சமூகத்தில் பல உண்டு. வாசலில் கூட்டம் நின்று கேட்டபோது, இங்கே யாரும் இல்லை என்று அவர்களும் சொன்னார்கள். பின்வந்த போர் வருடங்களில் ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் பாயை விரித்துப் படுத்தவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். யாரோ கதவு திறந்தபடியால்தான் நம்மில் சிலர் இன்று இருக்கிறோம்.

ஷம்போன் மக்கள் வீரச்செயல் செய்யப் போகிறோம் என்று திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. வேதபாட வகுப்புக்குப் போனார்கள். அயலவரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். முன்னோரின் கதைகளை மறக்காமல் இருந்தார்கள். தட்டுகிற சத்தம் கேட்டபோது போய்த் திறந்தார்கள். ஆபத்து வந்த பிறகு தொடங்கியிருந்தால் நேரம் போதாமல் போயிருக்கும். வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தானே வருகிறோம் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அங்கே அது 13 பேரில் தொடங்கியது.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட

1. இன்று நம் பாடசாலையில், வேலையிடத்தில், பஸ்ஸில், யாரை எல்லாரும் ஒதுக்குகிறார்கள்? அவருக்குப் பக்கத்தில் நான் உட்காருவேனா?

2. மக்தா முதலாவது பெண்ணை அனுப்பிவிட்டு வருந்தினார். நல்லது செய்யப் போய்ப் பாதியில் கைவிட்ட அனுபவம் எனக்கு உண்டா? அதிலிருந்து என்ன கற்றேன்?

3. யாத்திராகமம் 1:15-21, யோசுவா 2, உபாகமம் 19:1-10 வாசியுங்கள். உயிர் காக்கப் பொய் சொல்லலாமா? இரண்டு பக்கமும் நின்று பேசிப் பாருங்கள்.

4. நம் சபையில் அகதியாக வந்த ஒருவரின் கதையைக் கேட்டு எழுதி வாருங்கள். அவருக்குக் கதவு திறந்தவர் யார்?